காரைக்குடி பழம்பொருள் கடைகள்: '1886' என்று சொன்னால் எதை நம்பி வாங்கலாம்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எந்தப் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தாலும் காலத்தைச் சொல்ல இரண்டே வார்த்தைகள்தான்: 'பர்மா காலம்', 'விக்டோரியா காலம்'. கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது 1852. ஜப்பான் படை வந்து, பர்மாவில் வட்டித் தொழில் செய்த நம்மவர்கள் கடையைப் பூட்டிக்கொண்டு ஊர் திரும்பியது 1942. ஆக, முதல் வார்த்தைக்குள் 90 வருஷம் அடங்கும். விக்டோரியா பட்டத்தில் இருந்தது 1837 முதல் 1901 வரை. இத்தனை பெரிய சாக்குக்குள் எதையும் போட்டுக் கட்டிவிடலாம். அதனால் இந்த மதிப்புரைக்கு ஒரே ஒரு வருஷம் அளவுகோல்: 1886. மேல்பர்மாவையும் பிரிட்டிஷ் அரசு இணைத்துக்கொண்டதாக அறிவிப்பு வந்தது அந்த வருஷம் ஜனவரி 1ஆம் தேதி. செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் தேக்குக்கும் அந்த அறிவிப்புக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. அது பின்னால் வருகிறது.

அவசரக்காரர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ரூபாய்க் காசும் பவுனும் வருஷத்தைத் தாங்களே சொல்லும், போலியைக் கழிக்கத் தெரிந்தால் போதும். இங்கிலாந்துப் பீங்கானில் எண் இருந்தால் பேசலாம். தேக்குத் தூணைத் தாராளமாக வாங்கலாம், ஆனால் வருஷத்துக்கென்று தனிக்காசு கொடுக்க வேண்டாம். கிராமபோன், அலுமினியப் பாத்திரம், கோகோ கோலா விளம்பரப் போர்டு ஆகியவற்றுக்கு 1886 என்று யாராவது சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

காசில் தொடங்கலாம், ஏமாற்றும் அங்கேதான் அதிகம். 1886 ரூபாயின் முகப்பில் கிரீடம் வைத்த விக்டோரியா இடப்பக்கம் பார்த்திருப்பார். சுற்றி 'விக்டோரியா எம்ப்ரஸ்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். 'குயின்' என்ற சொல் 1876 வரையிலான காசுகளுக்கு உரியது. 1886 போட்டு 'குயின்' என்று இருந்தால் அச்சுக்காரர் சரித்திரம் படிக்கவில்லை என்று அர்த்தம். எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. வெள்ளி பன்னிரண்டில் பதினொரு பங்கு. விட்டம் 30.5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 0.01 கிராம் காட்டும் கைத்தராசு ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோவது நல்லது. தேய்ந்த காசு பத்துப் பதினைந்து சென்டிகிராம் குறையலாம், ஒரு கிராமே குறைந்தால் விட்டுவிடுங்கள். காந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வரும் காந்தத்தில் ஒட்டாது. வார்ப்பில் எடுத்த போலியில் எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், பூ வேலைப்பாட்டுக்கு நடுவே ஊசிமுனை போன்ற குழிகள் தெரியும், விளிம்பில் ஒரு ஒட்டுக்கோடு ஓடும். அசலில் விளிம்புப் பற்கள் சுற்றிலும் ஒரே சீராக இருக்கும்.

அந்த வருஷம் பிரிட்டிஷ் இந்தியாவில் காசு அடித்தவை கல்கத்தா, பம்பாய் ஆலைகள் மட்டுமே. சென்னை ஆலை 1869இலேயே மூடியாயிற்று. 'இது மெட்ராஸில் அடித்த 1886' என்று சொல்லிக் கூடுதல் கேட்டால் சிரித்துவிட்டு வரலாம்.

செட்டிநாட்டில் கிடைக்கும் காசுகளுக்கென்று ஒரு தனிக் குறை உண்டு. பாதிக்கு மேல் ஏதோ ஒரு காலத்தில் மாலையில் கோத்திருந்தவை. வளையத்தைப் பிறகு கழற்றி, பற்றவைத்த இடத்தை அரம் போட்டுத் தேய்த்திருப்பார்கள். காசை நிமிர்த்திப் பிடித்துத் தலைக்கு நேர் மேலே விளிம்பைப் பாருங்கள்: அந்த இடத்தில் மட்டும் பற்கள் இல்லாமல் வழவழவென்றிருந்தால் அது நகைக்காசு. வெள்ளி விலைக்கு வாங்கலாம், சேகரிப்பு விலைக்கு வேண்டாம். கணக்கு சுலபம்: ஒரு ரூபாயில் சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம், அதை வாங்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கினால் அடிவிலை. வாங்கிய பிறகு புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். நூறு வருஷத்துக் கருமையைச் சேகரிப்பவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

செப்புக் காசில் காலணா 25.4 மில்லிமீட்டர், சுமார் 6.47 கிராம். மலிவு என்பதால் போலியும் குறைவு. குழந்தைக்கு வரலாறு சொல்லிக் கொடுக்க ஒன்று வாங்க வேண்டுமென்றால் இதுவே போதும்.

பவுனில் 1886 என்று வந்தால் இன்னும் கவனம் வேண்டும். லண்டன் ஆலை அந்த வருஷம் பவுன் அடிக்கவேயில்லை. அடித்தவை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னும் சிட்னியும். ஆகவே தலைக்குக் கீழேயோ கேடயத்துக்குக் கீழேயோ 'எம்' அல்லது 'எஸ்' என்ற ஆங்கில எழுத்து இருந்தே ஆக வேண்டும். எழுத்து இல்லாத 1886 பவுன் ஏதோ ஒரு பட்டறையில் பிறந்தது. அதே போல, சிறிய கிரீடமும் முக்காடும் போட்ட வயதான விக்டோரியா 1887ஆம் ஆண்டு பொன்விழாவோடு வந்தவர். 1886இல் கூந்தலை ரிப்பன் வைத்துக் கட்டிய இளம் முகம்தான். எடை 7.98 கிராம், விட்டம் 22 மில்லிமீட்டர். நாம் பேச்சில் எட்டு கிராமைப் பவுன் என்பது இந்தக் காசிலிருந்து வந்த வழக்கம். பட்டறைப் பவுனிலும் பெரும்பாலும் தங்கம் சரியாகவே இருக்கும் என்பது ஒரு வேடிக்கை. அதற்குத் தங்க விலை கொடுக்கலாம், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கூடாது. அதே 1886இல்தான் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கப் பாறை அகப்பட்டு ஜோகன்னஸ்பர்க் ஊரே முளைத்தது. ஆனால் அந்தத் தங்கம் அந்த வருஷக் காசில் இருப்பதாக யாரும் கதை கட்ட முடியாது, சுரங்கம் அப்போதுதான் திறந்திருந்தது.

பீங்கான் தட்டு, கோப்பை, மூடிபோட்ட கிண்ணம் எல்லாம் குவியலாகக் கிடக்கும். கவிழ்த்துப் பாருங்கள். இங்கிலாந்துச் சாமானில் 'ஆர்டி நம்பர்' என்று ஓர் எண் சில சமயம் இருக்கும். வடிவத்தைப் பதிவுசெய்த எண் அது. 1884 ஜனவரியில் 1 என்று தொடங்கினார்கள். 1886ஆம் ஆண்டுக்குரிய எண்கள் 40480 முதல் 64519 வரை. அதற்கு முன்பு, 1842 முதல் 1883 வரை, எண்ணுக்குப் பதில் வைர வடிவக் கட்டம் அச்சிட்டார்கள். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் கடையில் பாதிப் பேச்சு குறைந்துவிடும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. எண் சொல்வது வடிவம் பதிவான வருஷத்தை. சாமான் செய்த வருஷம் அதற்குப் பிந்தியும் இருக்கலாம், ஏனென்றால் நன்றாக விற்ற வடிவத்தைப் பல வருஷம் அடித்துத் தள்ளினார்கள். எண்ணோடு 'இங்கிலாந்து' என்ற சொல்லும் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிறகு. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுசாக இருந்தால் 20ஆம் நூற்றாண்டு.

பீங்கான் வாங்கும்போது விரல் நுனியில் தாங்கி நகத்தால் சுண்டுங்கள். மணி போல் நீண்டால் முழுசு, 'டக்' என்று செத்தால் எங்கோ மயிரிழை விரிசல். பூச்சில் சிலந்திவலை போன்ற விரிசல் இருக்கும் ஜாடியில் ஊறுகாய் போட வேண்டாம். உப்பும் புளிப்பும் உள்ளே இறங்கும், பழைய பூச்சில் காரீயம் இருக்க வாய்ப்புண்டு. அலமாரியில் வைத்து அழகு பாருங்கள்.

எனாமல் தட்டு, தூக்கு, கூஜாவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 'செக்கோஸ்லோவாக்கியா' என்று முத்திரை இருந்தால் அந்த நாடே 1918இல் பிறந்தது. ஜப்பான் முத்திரையோடு 'ஆக்குபைட்' என்று சேர்ந்திருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. எனாமல் நல்ல சாமான்தான். நிறமும் நன்றாக நிற்கும். சில்லு போன இடத்தில் துரு ஊடுருவியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து, பிடித்திருந்தால் வாங்குங்கள். 1886ஐ அதன் தலையில் கட்ட வேண்டாம்.

இனி தேக்குத் தூண்.

மேல்பர்மாவின் தலைநகரான மாண்டலேயில் இருந்த பர்மிய அரசு 1885இல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற மரக் கம்பெனிக்கு அபராதம் போட்டது. கணக்கில் காட்டியதைவிட அதிகத் தேக்கு வெட்டிக் கொண்டுபோனதாகக் குற்றச்சாட்டு. தொகை 23 லட்சம் ரூபாய். பிரெஞ்சுக்காரர்கள் மாண்டலேயில் காலூன்றிவிடுவார்கள் என்ற பயமும் சேர, ஆங்கிலேயர் நவம்பரில் படை அனுப்பினார்கள். இரண்டே வாரத்தில் பர்மிய அரசர் தீபா பிடிபட்டார். சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, 1886 ஏப்ரலில் ரத்னகிரிக்கு அனுப்பப்பட்டு, 1916இல் அங்கேயே இறந்தார். மேல்பர்மாக் காடுகள் முழுக்கக் கம்பெனிகளுக்குத் திறந்தன. முகப்பிலும் பட்டாலை என்ற கூடத்திலும் வரிசையாகத் தூண் நிறுத்தும் அளவுக்குச் செட்டிநாட்டில் தேக்கு மலிந்ததன் பின்னணியில் இந்தச் சண்டையும் இருக்கிறது.

இருந்தும் 'இது 1886 தூண்' என்பதை நம்ப வழியில்லை. தேக்குப் பச்சையாக இருந்தால் தண்ணீரில் சரியாக மிதக்காது. அதனால் பர்மாவில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையும் வெளிமரமும் வளையமாக வெட்டி, மரத்தை நின்றபடியே சாகவிட்டு, இரண்டு மூன்று வருஷம் காயவைத்த பிறகுதான் வீழ்த்துவார்கள். யானை இழுத்து ஓடையில் போடும். மழைவெள்ளம் வந்தால் நகரும், வராவிட்டால் அங்கேயே கிடக்கும். ஐராவதிக்கு வந்ததும் தெப்பமாகக் கட்டி ரங்கூன் வரை மிதக்கவிடுவார்கள். காட்டில் வளையம் வெட்டிய நாளிலிருந்து மரம் அறுவை ஆலைக்கு வந்து சேரப் பல வருஷம் ஆகும். பிறகு கப்பல், மாட்டுவண்டி, ஆசாரி. இப்படி வந்த மரத்துக்கு எந்த வருஷத்தைச் சொல்வது? வெட்டியதா, வந்ததா, வீட்டில் நிறுத்தியதா? வீடு கட்டிய ஆண்டு நிலைக்கதவின் மேலோ சுவரிலோ எழுதியிருந்து, தூண் அந்த வீட்டிலிருந்து இறக்கியது என்று உறுதியானால் அதை ஏற்கலாம். தனித் தூணாகச் சாய்த்து வைத்திருப்பதற்கு வருஷமே கிடையாது.

மரத்தைச் சோதிப்பது எப்படி? எட்டடி உயரம், பத்து அங்குல விட்டம் உள்ள உருளைத் தூண் கிட்டத்தட்ட 4.36 கன அடி. காய்ந்த தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ என்று வைத்தால் 80 கிலோ வரும். மேலே சிறுத்துப் போகும் தூண் கொஞ்சம் குறையும். இரண்டு பேர் சிரமப்படாமல் தூக்கினால் உள்ளே பொத்தல். நாலு பேர் திணறினால் தேக்கல்லாத கனத்த மரத்துக்குச் சாயம் போட்டிருக்கலாம். அடிப்பக்கம் மறைவான இடத்தில் உப்புத்தாளால் கட்டைவிரல் அகலம் தேய்க்கச் சொல்லுங்கள். தேக்கு பொன்பழுப்பாகத் திறக்கும், எண்ணெய்ப் பிசுக்கோடு தோல் போன்ற வாசனை வரும். சாயம் போட்ட மரம் வெளுப்பாகவோ சிவப்பாகவோ திறக்கும். தேய்க்க விடமாட்டேன் என்கிற கடையில் தூண் வாங்க வேண்டாம்.

கெடுவது எப்போதும் அடிப்பாகம். கல் பீடத்தின் மேல் நின்ற இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, கடைசி ஆறேழு அங்குலம் இற்றிருக்கும். அதை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்து மெருகு போட்டுவிடுவார்கள். சாவியால் தட்டிக்கொண்டே கீழிறங்குங்கள். ஓசை மாறும் இடத்தில் அடைப்பு இருக்கிறது. அந்த அளவு அறுத்துவிட்டாலும் உங்கள் உயரத்துக்குத் தூண் எட்டுமா என்று கணக்குப் போட்டே விலை பேசுங்கள். நெடுக ஓடும் காய்ச்சல் வெடிப்பு குற்றமில்லை, பாரம் தாங்கும். குறுக்கு வெடிப்பு குற்றம். தூணின் தலையில் உட்காரும் போதிகை தூணோடு பிறந்ததா என்றும் பாருங்கள்: முளை பொருந்தும் குழியின் ஓரம் கறுத்திருந்தால் பழைய ஜோடி, வெளுத்திருந்தால் கடையில் நடந்த கல்யாணம். ஜோடி கேட்டால் இரண்டின் சுற்றளவையும் அடி, நடு, தலை என மூன்று இடத்தில் நூல் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

செப்பு அண்டா, தவலை வகையில் இந்தத் தெருவுக்கு நல்ல மதிப்பெண். பழைய கைவேலை அண்டாவின் பக்கவாட்டில் தகடு சேரும் இடம் பல் பல்லாகக் கோத்துப் பற்றவைத்திருக்கும். வெளியே சுத்தியல் தடம் மீன்செதில் மாதிரி வரிசையாக ஓடும். நேர்க்கோட்டில் இணைப்பு இருந்தால் புதுசு. 1886 அக்டோபர் 28 அன்று நியூயார்க்கில் திறந்த சுதந்திர தேவி சிலையும் இதே வித்தைதான். 2.4 மில்லிமீட்டர் செப்புத் தகட்டை மர அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்து வடிவம் எடுத்தார்கள். உள்ளே இரும்புச் சட்டம் ஈஃபிலுடையது. நம் அண்டாவுக்கு ஈஃபில் தேவைப்படவில்லை. பாத்திரத்தில் பொறித்த விலாசம் குடும்பத்தைச் சொல்லும், வருஷத்தைச் சொல்வது அபூர்வம். சமையலுக்கு எடுப்பதானால் உள்ளே வெள்ளீயம் பூசாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

அலுமினியத்துக்கு 1886 சொல்பவர்கள் ஒரு விதத்தில் பாதி சரி. மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் முறையை அமெரிக்காவில் ஹால், பிரான்சில் எரூ இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் கண்டது அந்த வருஷம்தான். இருவரும் 1863இல் பிறந்து 1914இல் இறந்தவர்கள் என்பது கூடுதல் விசித்திரம். ஆனால் அந்த உலோகம் சட்டிபானையாக நம் பக்கம் வர இன்னும் பல வருஷம் ஆனது; சென்னைக் கலைப் பள்ளியில் ஆங்கிலேயப் பொறியாளர் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியது 1898இல். அதற்கு முன்பு நம் பக்கம் அலுமினியம் சமையலறைச் சாமானே இல்லை.

கோகோ கோலாவும் 1886தான்: மே மாதம் அட்லாண்டாவில் ஒரு மருந்துக் கடையில், கிளாஸ் 5 சென்ட். அப்போது அது பாட்டிலில்கூட வரவில்லை. இடுப்பு வளைந்த பாட்டில் 1915இல் வந்தது. போர்டில் '1886 முதல்' என்று இருந்தால் அது பானம் பிறந்த வருஷம், போர்டு பிறந்த வருஷம் வேறு. டப்பா, சோப்புப் பெட்டி, பிஸ்கட் டின் எல்லாவற்றுக்கும் இதே விதி. லண்டனில் 1886 மே 4 முதல் நவம்பர் வரை நடந்த காலனி, இந்தியக் கண்காட்சியில் வாங்கிய பதக்கத்தைப் பல வருஷம் கழித்தும் லேபிளில் போட்டு விற்றிருக்கலாம். பதக்க வருஷம் கீழ் எல்லை மட்டும்: சாமான் அதற்கு முந்தியதல்ல என்று மட்டுமே சொல்லும்.

கடிகாரத்திலும் கீழ் எல்லைக் கணக்குதான் உதவும். அமெரிக்கச் சுவர்க்கடிகாரத்தின் பித்தளைத் தகட்டில் இருக்கும் தேதி காப்புரிமைத் தேதி. ஜெர்மன் கடிகாரத்தில் ஜெர்மன் காப்புரிமைக் குறியான 'டி.ஆர்.பி.' இருந்தால் 1877க்குப் பின், வடிவப் பதிவுக் குறியான 'டி.ஆர்.ஜி.எம்.' இருந்தால் 1891க்குப் பின். கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29இல் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு விண்ணப்பித்ததும் ஒரு 'டி.ஆர்.பி.'தான், எண் 37435. பின்மூடியைத் திறக்கச் சொல்லி, அச்சு சுழலும் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, முட்டை வடிவில் தேய்ந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முட்டையாகியிருந்தால் துளைகளுக்குப் புது வளையம் போட வேண்டும். அந்தக் கூலியைக் கழித்துக் கேளுங்கள். எட்டு நாள் சாவிக் கடிகாரம் என்று சொல்வதைக் கடையில் சோதிக்க முடியாது, கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் தாளம் நொண்டுகிறதா என்பதாவது தெரியும். (எட்டு என்றதும் ஒன்று: சிகாகோ தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு நிறுத்தம் செய்ததும் 1886 மே மாதம். மே 4ஆம் தேதி லண்டனில் கண்காட்சிக் கதவு திறந்த அன்றே சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது.)

கிராமபோனைப் பற்றி ஒரே வரி. அதைக் கண்டுபிடித்த பெர்லினர் காப்புரிமை வாங்கியது 1887இல்.

ரவிவர்மா படம் என்று மாட்டியிருப்பவற்றுக்கு 10 மடங்கு பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்புப் புள்ளிகள் வட்ட வட்டமாக ஒழுங்காக அடுக்கியிருந்தால் சமீபத்திய நகல். கல்லில் வரைந்து எடுத்த அச்சான கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் தூவியது போலிருக்கும். அசல் கல்லச்சாகவே இருந்தாலும் ரவிவர்மா அச்சகம் தொடங்கியது 1894, ஆக 1886 கிடையாது. எழுத்தாளர், ஓவியர் உரிமையைக் காக்கும் பெர்ன் உடன்படிக்கை கையெழுத்தானது 1886 செப்டம்பர் 9. அந்தச் சேதி இந்தத் தெருவின் நகல் படங்களுக்கு இன்னும் எட்டவில்லை.

பழைய பத்திரமும் கணக்கேடும் அங்கங்கே கிடைக்கும். தமிழ் எண்ணில் 1886 என்பது ௲௮௱௮௰௬ என்றோ ௧௮௮௬ என்றோ எழுதப்பட்டிருக்கும். பழக்கமில்லாத கண்ணுக்கு ௧ 'க' போலவும், ௮ 'அ' போலவும், ௬ 'சு' போலவும் தெரியும். தமிழ் வருஷப் பெயரையும் ஒத்துப் பாருங்கள்: 1886 சித்திரைக்கு முன் பார்த்திப, பின் விய. ஆடி மாதம் 1886 என்று எழுதி 'பார்த்திப' என்றிருந்தால் எழுதியவர் பிற்காலத்தவர்.

கடைசியாக, சட்டமும் சுமையும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை, கையெழுத்துப் பிரதியானால் 75 வருஷத்துக்கு மேற்பட்டதை, தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிஜமாகவே 1886 என்றால் பெட்டியில் வைக்க முடியாது; பெட்டியில் வைக்கலாம் என்று கடையில் சான்றிதழ் பேசினால் அப்போது 1886 எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். சாமி சிலை பக்கமே போக வேண்டாம்.

உள்ளூருக்குள் தூண் அனுப்புவதானால் சாக்கும் வைக்கோலும் சுற்றி, போதிகையைத் தனியாகக் கழற்றிக் கட்டச் சொல்லுங்கள். லாரியில் படுக்கவைத்து மூன்று இடத்தில் கட்டை கொடுக்க வேண்டும். இரண்டு முனையில் மட்டும் கொடுத்தால் குலுங்கலில் பழைய வெடிப்பு விரியும். விலை எழுதி ஒட்டும் வழக்கம் குறைவு, பேரம் உண்டு. பில்லில் சாமானின் பெயர், நீளம், சுற்றளவு, எடை எல்லாவற்றோடும் சொன்ன வருஷத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்த வருஷத்துக்கென்று ஏற்றிய விலையைக் கழித்துவிட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.